நாத்தனாருக்கு நிலாவில் பிள்ளை

குழாய் வேலை செய்பவள் என்பதால் தெருவுக்கே அவள் ஸ்பானர் அக்கா. எதையும் துருவித் துருவிக் கேட்கிற வாய். அந்த வாய்தான் அவளை நிலாவுக்குப் போகவிடாமல் செய்தது.

நிலாக் குடியிருப்பில் வேலைக்கு அவளும், ஒயரிங் தெரிந்த அவள் நாத்தனாரும் தேர்வானார்கள். நாத்தனாரின் கணவன் ஏற்கெனவே அங்கே வெல்டர். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பணிக்காலம் முடியும்வரை பிள்ளை கூடாது.

"மீறி உண்டாயிடுச்சுன்னா?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் ஊசி போடுறோமே," என்றார் அதிகாரி.

"ஊசி பொய்ச்சா?"

"கீழ கூட்டிட்டு வந்துடுவோம்."

"ராக்கெட் குலுக்கலை வயித்துப் பிள்ளை தாங்குமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்கும் தெரியாதும்மா. முடிவு பண்ண ஒரு குழு போடணும்."

"போட்டுட்டுச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுறேன்."

குழு போட்டார்கள்; அதில் அவளையும் போட்டார்கள். குழுவில் இருப்பவர் நிலாவுக்குப் போகக் கூடாது என்பது விதி. "வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டியே," என்று வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் தங்கை கையெழுத்திட்டுப் பறந்தாள்.

அடுத்த வருஷமே ஊசி பொய்த்தது.

சொந்தக்காரி என்பதால் அக்கா பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது என்றார்கள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நிலாவின் ஆறில் ஒரு பங்கு எடையில் வளரும் எலும்பு தேறுமா என்று குழுவில் இருந்த டாக்டரம்மா கவலைப்பட்டார். வழியில் கரு கலைந்தால் யார் பொறுப்பு என்றார் வக்கீல். பிறகு திரையில் நாத்தனாரைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு இந்தப் பிள்ளை வேணும் அண்ணி. ஆனா இங்க பொறந்து வளந்தது, நாளைக்கு அங்க வந்தா நிக்குமா?"

"தெரியலடி."

"அதுக்கிட்ட கேட்டுட்டா பெத்துக்க முடியும்?"

"இங்க மட்டும் யாரு கேட்டுப் பெத்தாங்க? ஆனா இங்க பொறந்தது, ஊரு பிடிக்கலைன்னா பஸ் ஏறிப் போயிடலாம். உன் பிள்ளைக்கு அது முடியுமான்னுதான் யோசிக்கிறேன்."

"அப்போ நடக்கப் பழகுறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுறேன்," என்றாள் நாத்தனார்.

அதையே குழுவும் தீர்மானமாக்கியது. பிரசவம் அங்கே, திரும்பும் ஒவ்வொரு கலத்திலும் தாய்க்கும் பிள்ளைக்கும் இடம். வெல்டருக்கு இடமில்லை என்பதில் நாத்தனாருக்கு மனத்தாங்கல்தான்.

பெண் குழந்தை. முதல் பல் முளைத்த சமயம் கீழே வந்தது. தலை கனத்துத் தூக்க முடியாமல் படுத்தே கிடந்தது. டாக்டரம்மா தினமும் வந்து கைகால்களை நீவிவிட்டார். மெல்ல மெல்ல உட்காரக் கற்றது. நடக்குமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்போது அதற்கு ஒரே விளையாட்டுதான். கரண்டியைக் கைவிட்டுவிட்டு, அது நிதானமாக இறங்கப்போகிறது என்று அந்தரத்தையே பார்க்கும். கரண்டி எப்போதோ தரையில் கிடக்கும். திகைத்துத் திரும்பி அத்தையைப் பார்க்கும். அக்கா எடுத்துக் கொடுப்பாள், மறுபடி விடும்.