பசியாறியாச்சா என்று கேட்காமல் விட்டது

தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சியில் சேகரன் பாரை முட்டி வரைக்கும் தூக்கினான். "அண்ணே" என்றான். பார் விழுந்தது, அவனும் பக்கத்திலேயே சரிந்தான். தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மலேசியாவில், ஈப்போவில் இருபத்திரண்டு வருஷம் ஜிம் பயிற்சியாளராக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைவிட இந்த மடத்தனம்தான் உபயோகப்படும்.

1. வந்த காரணம்

சேகரன் கோப்பெங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன். எஸ்டேட்டை மூடியபிறகு ஈப்போவில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றினான். மகள் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்ததற்குக் காவடி நேர்ந்திருந்தான்.

"காவடியோட கோயில் படி ஏறணும்ணே. நடுவுல எறக்கி வச்சிடக் கூடாது. அதுக்கு ஒடம்ப ரெடி பண்ணி விடுங்கலா."

வாரம் மூன்று நாள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், நடுவில் ஓய்வு கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முட்டை, மீன், தெம்பே என்கிற சோயாக் கட்டி, கீரை, அளவாகச் சோறு. இரண்டு மாதத்தில் ஆள் நன்றாகத் தேறினான்.

2. நான் செய்தது

பிறகு விரதம் தொடங்கினான். நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சைவம். எனக்குத் தெரியாமல் இல்லை, கழுத்தில் மாலை கிடந்தது.

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் "பசியாறியாச்சா?" என்போம். விரதக்காரரிடம் மட்டும் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் சாப்பாட்டுப் பேச்சையே விட்டுவிட்டேன். ஆனால் பாரில் எடை பிளேட் கூட்டுவதை விடவில்லை, பாருங்கள். அந்த ஒரு வேளையில் பருப்பு, கடலை, தௌஃபு என்கிற சோயாப் பனீர், பால் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். எடையைப் பாதியாக்கியிருக்கலாம். சாமி விஷயம், நமக்கெதுக்கு என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், அவன் எடை ஏற ஏற எனக்குத் தலைக்கனமும் ஏறியது.

விழுந்ததற்கு முந்தின நாள் மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டதோடு சரி என்று கிளினிக்கில்தான் சொன்னான். முதுகெலும்பில் இடுப்புப் பக்கத்து டிஸ்க் விலகியிருந்தது.

3. படிக்கட்டுக்குக் கீழே

தைப்பூசத்தன்று கோயிலடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், இடுப்பில் பெல்ட். அவனுக்குப் பதிலாக மனைவி பால்குடம் எடுத்து மேலே போயிருந்தார். மகள் அவன் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"விரதத்துல ஏதோ கொற வச்சிட்டேன் போலண்ணே. சாமி வேணாம்னுடுச்சு. இவளுக்குத் திரும்ப ஏதாச்சும் வந்துட்டா?"

"ஒன் விரதத்துல ஒரு கொறையும் இல்லடா. தப்பு என்னுது. நான் கேட்டிருக்கணும்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்கண்ணே."

எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்ப மாட்டேன் என்கிறான். மூட்டை வேலைக்கும் அவனால் திரும்ப முடியவில்லை.

எடையைக் கூட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய், எவ்வளவு நேரம் தூங்கினாய். விரதமானாலும் நோன்பானாலும் கேளுங்கள். கூச்சப்பட்டால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். என் தப்புக்குச் சேகரன் இன்னும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.