சுவரில் பதித்த படம்

சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில், தலத்தெருவில் எங்கள் வீட்டு முன்னறை தெருவைவிட மூன்று படி பள்ளமாகிவிட்டது. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உதிரும். வீடியோ பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பி.வி.சி. பேனல் அடித்துச் சுவரை மறைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் எட்டிப் பார்த்து, "சொவத்த மூடாதீங்க தம்பி, காய வுடுங்க" என்றார்.

"உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது?" என்று சிரித்தேன்.

அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவருடைய ஒரே படத்தை, பேனலை வெட்டி, சுவரோடு பதித்து ஓரத்தை அடைத்தேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். செல்போனில் ஒரு பிரதி எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழை விட்டபின் ஒருநாள், படத்துக்கு விளக்கேற்றப் போன அம்மா என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக்குள் ஈரம். அப்பாவின் முகம் இருந்த இடத்தில் வெறும் கறை. ஸ்டூடியோவிலும் கைவிரித்துவிட்டார்கள்.

பேனலைப் பிய்த்துவிட்டேன். சுவர் இப்போது மொட்டையாகக் காய்கிறது.

தினமும் படத்தில் பார்த்த முகம்தான்; நினைத்துப் பார்த்தால் தெளிவாக வரவில்லை. "அப்பா மொகம் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒன்ன மாதிரியேதான்டா."

இப்போதெல்லாம் சவரம் செய்து முடித்த பிறகும் கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.