நாத்தனாரைப் பார்த்துவிட்டுப் போ

ஆந்தோங் ஊர்ப் பக்கத்துக் குடும்பத்தில் மூத்த மருமகளாக வாழ்க்கைப்படுவதற்கு ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேரலாம். அங்கேயாவது வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு. என் மூத்த ஓரகத்தி மியோக் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் தோன்றும்.

சூசோக் அறுவடைத் திருநாளுக்கு முதல் நாளே அவளும் நானும் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவோம். பைன் இலை பரப்பி வேகவைக்கும் எள்ளுக் கொழுக்கட்டை, மாவில் தோய்த்துச் சுடும் கோசு இலை, உப்பிட்ட சுறாத் துண்டு, முழுசாக அவித்த ஆக்டோபஸ். ஆக்டோபஸ் வைக்காவிட்டால் இந்த ஊரில் அது படையலே இல்லை. இத்தனையும் எங்கள் நாலு கைகளால் ஆக வேண்டும். வீட்டு ஆண்கள் செய்யும் ஒரே வேலை, படையல் மேஜையில் மீன் தலை கிழக்கே பார்க்கணுமா மேற்கே பார்க்கணுமா என்று சண்டை போடுவதுதான்.

அக்காவின் தாய்வீடு கடற்கரையில், உல்ஜினில். திருநாள் ராத்திரிச் சாப்பாட்டை ஒருமுறையாவது தன் அம்மாவோடு சாப்பிட வேண்டும் என்பது கல்யாணமான வருஷத்திலிருந்து அவளுக்கு ஆசை. ஒரு வருஷம்கூட நடக்கவில்லை. முன்னோருக்குப் படைத்த மதுவைக் குடும்பத்தார் ஆளுக்கொரு வாய் குடிப்பது வழக்கம். அவள் புருஷன் தால்சு, ஜாடியையே காலி பண்ணிவிடுவார். "தாத்தா குடுக்கறத வேணாம்னு சொன்னா அவரு மனசு சங்கடப்படாதா?" என்பார். அப்புறம் எங்கே காரை ஓட்டுவது?

இந்த வருஷம் அக்கா யாருக்கும் தெரியாமல் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். காலையில் படையல் முடிந்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "நீங்க திருப்தியா குடிங்க. வண்டிய நான் ஓட்டறேன்" என்றாள். தால்சுவின் கிண்ணம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

மாமியார் விடுவாரா? "யுன்ரான் கிளம்பிட்டாளாம். நாத்தனாரப் பாத்துட்டுப் போ. நீ போயிட்டா என் பொண்ணுக்கு யாரு பரிமாறுவா?"

"நான் இருக்கேனே, அத்தை" என்றேன்.

"நீ வைக்கற சூப்ப அவ தொடக்கூட மாட்டா."

வருஷா வருஷம் இதே பாட்டு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சாவியோடு உட்கார்ந்தாள்.

யுன்ரான் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "அம்மா, எங்க மாமியார் இருக்காங்களே! காலையிலேயே கிளம்பறேன்னேன். 'என் பொண்ணு வரா, பாத்துட்டுப் போ'ன்னு புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. நானும் ஒருத்தி பெத்த பொண்ணுதானே?"

"அந்தப் பொம்பளைக்கு மனசாட்சியே கிடையாதுடி!" என்று மாமியார் மகளைக் கட்டிக்கொண்டார்.

பக்கத்தில் தட்டோடு நின்ற அக்காவைத் தாயும் மகளும் ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஆக்டோபஸை எடுத்து எறிந்திருப்பேன்.

"அண்ணி, கொழுக்கட்டை கொஞ்சம் சூடு பண்ணிக் குடுங்களேன்" என்றாள் யுன்ரான்.

அதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. கையெல்லாம் எண்ணெய். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். உல்ஜினிலிருந்து அவள் அம்மா.

"கிளம்பிட்டியாம்மா? இந்த வருஷமாவது வந்துடு. உன் தம்பி பொண்டாட்டி போமி, அம்மா வீட்டுக்குப் போறேன்னு காலையிலேயே பையத் தூக்கினா. 'என் பொண்ணு வரா, பாத்துட்டுப் போ'ன்னு நான்தான் உக்கார வச்சிருக்கேன்."

"போன வருஷம்?"

"எல்லா வருஷமும்தான். நீ வருவேன்னு பாத்துப் பாத்து, கடைசியில அவளும் போகாம நின்னுடுவா."

மாமியார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "கேட்டியா? உங்கம்மாவும் அப்படித்தான்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தட்டை யுன்ரான் மடியில் வைத்தாள்.

"அம்மா, போமிய இப்பவே அனுப்பு. நான் வரும்போது அவ அந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"அவ போயிட்டா உனக்கு யாரும்மா பரிமாறுவா?"

அக்கா இடுப்பில் கட்டியிருந்த அடுப்படித் துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

"உனக்கும் எனக்கும் நானே போடறேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலையாம்மா?"