நூல் இல்லாமல் ஓடும் மெஷின்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பெண்கள், கடைசியாக ஒரு பையன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அந்தக் கடைசிப் பையனின் மகள் அவள். புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுது, ஆனால் அவரவர் பேசினதை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

படிப்பு இல்லையே ஒழிய மெஷின் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் பனியனை மடிப்பார்கள், பிசிறு வெட்டுவார்கள். துணி பின்னுகிற மெஷினைத் தொட விடமாட்டார்கள். நான் தொட்டேன். மேலே கோன் கோனாக நூல், நடுவில் வட்டமாக ஊசிகள், கீழே குழாய் மாதிரி துணி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் ஊசி போயிருக்கிறது என்று சொல்வேன்.

நூலோடு ஓடினால் சத்தம் ஈரத்துணிக்குள் அமுங்கின மாதிரி இருக்கும். நூல் இல்லாமல் ஓடினால் அத்தனை ஊசியும் பல்லைக் கடிக்கும். ஊசி வளையும், ஒடியும். புத்தியுள்ள எவனும் அப்படி ஓட்டமாட்டான்.

என் வீட்டுக்காரர் ஓட்டினார். என்னை அடிப்பதற்காக ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெஷின் ஷெட்டில் ஆள் இருக்காது. வீட்டை ஒட்டித்தான் ஷெட். "வா இங்க, மெஷின்ல என்னமோ சத்தம் வருது" என்று கூப்பிடுவார். உள்ளே போனதும் இரண்டு மெஷினையும் வெறுமனே ஓடவிடுவார், தெருவுக்கு எதுவும் கேட்கக்கூடாது என்று. மோட்டாருக்குப் போடுகிற தோல் பெல்ட்டில் அறுந்த பாதி ஒன்று ஆணியில் தொங்கும். அதை எடுப்பார். ஆறு வருஷம். விலா ஒடிந்திருக்கிறது. இரண்டு பற்களைக் கையில் துப்பியிருக்கிறேன். ஒருநாள் தள்ளினதில் இடது கைச் சுண்டுவிரல் பல்சக்கரத்துக்குள் போனது. மெஷினில் விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். விரலின் நுனியை மெஷின்தான் தின்றது. தள்ளியவரைச் சொல்லவில்லை.

என் பையனுக்கு அப்போது ஏழு வயது. நூல் மூட்டைக்குப் பின்னால் நிற்பான். இரண்டு கையையும் தலைமேல் வைத்து, முழங்கையை முகத்துக்குக் குறுக்கே மடித்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு அடிக்கும் குனிவான். அடி எனக்கு, குனிந்தது அவன்.

வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் ஒரே மதியத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று அந்தப் பெல்ட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் நாறியது. அதோடு எரிந்து முடிந்தது என்று நினைத்தேன். ஷெட்டை நானே ஓட்டி நாலு பேரையும் கரையேற்றினேன்.

பேத்தி கோயமுத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்து, வீட்டின் முன்கூடத்தை ஒட்டின நூல் ரூமில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். பழைய மெஷினின் தகரப் பெட்டிக்குள் அவளே ஈயம் வைத்துப் பற்றவைத்த சர்க்யூட் பலகைகளை வரிசையாக மாட்டினாள். மாடுலர் சிந்தசைசர், கரண்டிலேயே சத்தம் செய்கிற பெட்டி என்றாள். ஒரு பலகை சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதை அரித்துக் கொடுக்கும், ஒன்று அது எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்லும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர் சொருகினால்தான் எதுவும் நடக்கும்.

"நகை சேக்கற வயசுல இவ ஒயர் சேக்கறா பாருங்க அத்தை" என்று மருமகள் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

"என்ன அம்மணி இது, கன்னு போடற எருமையாட்டம் கத்துது?" என்று நானும் கேட்டேன்.

"அப்பாயி, இதுதானுங்க மியூசிக்கு."

"இதுக்கு எருமையே பரவால்ல."

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த நூலை எந்த ஊசிக்கு விடுவது என்று தெரிந்தவளுக்கு ஒயர் ஒரு வித்தையா? பத்து நாளில் நானே சொருகினேன். வெளியே வருகிற சத்தத்தைத் திருப்பி அதன் வாய்க்குள்ளேயே விட்டால் ஒரு அலறல் வரும். தெருநாய்கள் எழுந்து ஓடும். பேத்தி காதைப் பொத்துவாள். நான் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்புவேன். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் பின்னுகிற மெஷினின் சத்தத்தை அதில் செய்து பார்த்தோம். அடியில் மோட்டார் உறுமல் இரண்டு, ஒன்றோடொன்று லேசாக ஒட்டாமல். மேலே ஊசிகளுக்கு இரைச்சலைப் பொடிப்பொடியாக நறுக்கிவிட்டாள். கிட்டத்தட்ட வந்துவிட்டது. நான் அரிக்கிற பலகையின் குமிழைத் திறந்தேன். ஈரம் வடிந்து ஊசிகள் பல்லைக் கடித்தன.

"இப்ப நூல் இல்லாம ஓடுது" என்றேன்.

பேத்தியின் கை நின்றது. "ஞாயித்துக்கிழமை சத்தமுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

என் பையனும் வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் இல்லாமல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளே மருமகள் இருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். முதல் நாளே எனக்குத் தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இதை எழுது, விட்டுவிடாதே என்று இப்போதும் பேத்தியிடம் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு மருமகள் ஷெட்டிலிருந்து வெளியே வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அன்றே குன்னத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். செவிப்பறை கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

ஒரு வாரம் கழித்து இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. பேசினால் என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியும். பொறுத்துப் போ என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பினால் அடுத்த காது போகும், இல்லாவிட்டால் உயிர் போகும்.

நான் பேத்தியிடம் கேட்டேன்: "அம்மணி, இந்தப் பொட்டில அடி விழுகற சத்தம் வருமா?"

மழை மாதிரி வரும் வெறும் இரைச்சலைக் கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடினால் அடி விழும். அவள் செய்தாள்.

"இது கை" என்றேன். குமிழைத் திருப்பினாள். "இது வெளக்குமாறு." இன்னும் திருப்பினாள். "இது ஈர வேட்டிய முறுக்கி அடிக்கறது." அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாமே தெரியும்.

"பெல்ட்டு மொதல்ல காத்த அறுக்கும் கண்ணு. அப்பறந்தான் தோல்ல விழுகும்."

இன்னொரு ஒயரைச் சொருகி, அடிக்கு முன்னால் ஒரு சீறலை ஏற்றினாள். இரண்டு மதியம் ஆனது. இரண்டாம் நாள் பெல்ட் அடி அப்படியே விழுந்தது. நான் ஸ்டூலிலிருந்து விழுந்து கீழே கிடந்தேன். வாயில் ரத்த ருசி. நாக்கைக் கடித்திருந்தேன்.

"வேண்டாமுங்க அப்பாயி, உருவிப்போடறேன்."

"தொடாத! ஒயரு ஒண்ணு அசையக்கூடாது." அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது, ஒயரை உருவினால் அந்தச் சத்தம் செத்துவிடும். மெஷின் சத்தத்தையும் அடியையும் சொருகினபடியே விட்டு, கரண்டை மட்டும் நிறுத்தி, மேலே துண்டைப் போர்த்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். மருமகளின் அண்ணன், பெரியவர்கள் இரண்டு பேர். காதில் பஞ்சோடு மருமகள் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

மூத்த பெரியவர் ஆரம்பித்தார். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும். மாப்ள கை நீட்டுனத யாராச்சும் பாத்தீங்களா?"

"ஏனுங் மாமா, பக்கத்து ஊட்டுலயே கேளுங்க" என்றான் என் பையன். "ஒரு சத்தம் கேட்டிருக்குமா? வழுக்கி மெஷின்ல விழுந்துட்டா."

நான் ஆஸ்பத்திரியில் சொன்ன அதே பொய். அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க."

"சித்த இருங்க" என்று எழுந்து நூல் ரூமுக்குள் போனேன். பேத்தி துண்டை எடுத்தாள். சுவிட்சை நான் போட்டேன். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் உறுமின. மெஷின் ஓடியது.

கூடத்தில் பேச்சு நின்றது. "ஞாயித்துக்கிழமை யாருங்க மெஷின் ஓட்டறது?" என்றார் அண்ணன்காரர். பெரியவருக்கும் சொந்தமாக இரண்டு மெஷின் உண்டு. "நூல் இல்லாம ஓடுதாட்டம் இருக்குது. மாப்ள, போய் நிறுத்துங்க, ஊசி பூரா போயிரும்" என்றார். ஊசிக்குத் தவித்தார். என் பையன் அசையவில்லை. ஷெட் சாவி அவன் இடுப்பில் இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த குமிழைத் திறந்தேன். சீறி விழுந்தது. நாலு மூச்சுக்கு ஒன்று, அவன் அப்பன் அடிக்கிற கணக்கு. இரண்டாவது. மூன்றாவது.

வாசலில் வந்து பார்த்தேன். நாற்பத்தாறு வயதுக்காரன், மீசை நரைத்தவன், நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் குந்தியிருந்தான். இரண்டு கையும் தலைமேல். முழங்கை முகத்துக்குக் குறுக்கே. ஒவ்வொரு அடிக்கும் குனிந்தான்.

"பாத்துக்குங்க" என்றேன். "ஏழு வயசுல இப்பிடித்தான் நின்னான். எதுக்கு நின்னான்னு அவனையே கேளுங்க. அன்னைக்கு நானும் மெஷின்ல விழுகல. இப்ப இவளும் விழுகல."

நாலாவது அடி விழுந்தது. மருமகள் எழுந்து நின்றாள்.

அவன் எழுந்தான். ஜன்னலில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். பெட்டியை அடித்தான். பலகைகள் தெறித்தன. சத்தம் நிற்கவில்லை, அறுந்தும் அறாமலும் அலறியது. ஒயர்கள் அவன் கையில் சுற்றிக்கொண்டன. உதறி உதறி அடித்தான். பேத்தி குறுக்கே போனாள். நான் அவளைப் பின்னால் இழுத்து, என் கையைக் கொடுத்தேன். ஸ்பேனர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு ஒடிந்த சத்தத்தை நானே கேட்டேன்.

அதற்குள் மூன்று பேரும் அவன்மேல் விழுந்தார்கள். அண்ணன்காரர் அவன் முகத்தைச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்து வெள்ளைச் சுவரெல்லாம் சிவப்பு. முன்னப்பின்ன இருக்கும் என்ற பெரியவரே காலால் உதைத்தார்.

"நிறுத்துங்க!" என்றேன். "ஆளுக்கொரு அடி அடிக்கறதுக்கா நான் வரச்சொன்னேன்?"

கரண்டைப் பேத்தி பிடுங்கினாள்.

"ஊடும் என்ற பேர்ல இருக்குது, ஷெட்டும் என்ற பேர்ல இருக்குது" என்றேன் என் பையனிடம். "சாவியக் குடு. அவ இங்க இருப்பா. நீ போ."

"அம்மா, நான் உங்க மவனுங்க."

"அது தெரிஞ்சுதான் சொல்றேன்."

போய்விட்டான். அவிநாசிபாளையம் பக்கம் யாருடைய ஷெட்டிலோ மெஷின் ஓட்டுகிறான். எப்போதாவது போன் பண்ணுவான். அவன் பேசுவதை நான் பாதிதான் கேட்பேன். பின்னால் ஓடுகிற மெஷினில் நூல் இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

மருமகள் வந்துவிட்டாள். ஷெட்டை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள். என் கை மாவுக்கட்டில் இருந்தபோது சோறு பிசைந்து ஊட்டினாள். ஒருநாள் ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, அந்தச் சத்தம் உங்களுக்கு முன்னாலயே கேட்டுதுங்களா?"

"கேட்டுது."

"எப்பத்துல இருந்துங்க?"

"மொத நாள்ல இருந்து."

இன்னும் இரண்டு வாய் ஊட்டினாள். பிறகு கையைக் கழுவிவிட்டு ஷெட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் என்னிடம் வேண்டிய பேச்சு மட்டும்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம்தான் இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் பாதியைப் பேத்தி சரிசெய்துவிட்டாள். அடி விழும் சத்தத்தை அதற்கப்புறம் நாங்கள் செய்யவில்லை. கட்டு பிரித்தபின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருக்கிறது. ஆனாலும் ஒயர் சொருக வருகிறது.

எழுதினது போதும் அம்மணி. போய் மெஷின நிறுத்தச் சொல்லிட்டு உங்கம்மாளக் கூட்டிட்டு வா. வலது காது உன்ற பக்கம் இருக்கறாப்ல உக்காரச் சொல்லு. வந்துட்டாளா? செரி, மொதல்ல இருந்து படி. சத்தமாப் படி.