பெரிய மாப்பிள்ளையின் ஐம்பதாம் நம்பர்

சைதாப்பேட்டை ஹபீபுர் ரஹ்மானைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார், சுவரில் ஒரு ஓட்டை அதிகமாகப் போட மாட்டார், வேலை முடிந்ததும் விழுந்த தூசியைத் தானே பெருக்கிவிட்டுப் போவார். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் முந்நூறு வீட்டு வாசல்களையாவது அவர் மாட்டிய கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரே ஒரு வியாதி. அதற்குப் பெயர் அமீன்.

அமீன் அவருடைய சகலை, மனைவி நஸ்ருன்னிசாவின் தங்கை ரூஹியின் புருஷன். நிக்காஹ் ஆன புதிதில் இரண்டு வருஷம் ஹபீபோடு சேர்ந்துதான் ஏணி தூக்கினான், ஒயர் இழுத்தான். அப்புறம் அடையாறில் தனியாகக் கடை போட்டான். இப்போது கடையில் நாலு பேர் வேலை செய்கிறார்கள், வாசலில் ஒரு கார் நிற்கிறது. ஹபீபிடம் அதே ஸ்கூட்டர்தான், அதே டிரில் மெஷின்தான். அமீன் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால்கூட ஹபீபுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாவி, இவரைக் கண்டால் இன்றைக்கும் "வாங்க ஹபீப் பாய்" என்று எழுந்து நிற்கிறான். அவர் வயிறு எரிவதே அங்கேதான்.

தொழிலில் ஹபீபுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டு வைஃபையில் சேருகிற எதற்கும் ஒரு நம்பர் வேண்டும், தெருவில் வீட்டுக்கு வீடு கதவு எண் இருக்கிற மாதிரி. போனும் டிவியும் வைஃபை பெட்டி கொடுக்கிற நம்பரை வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. கேமரா படங்களைச் சேர்த்து வைக்கிற ரெக்கார்டரை அப்படி விட முடியாது. அதற்கு ஒரு நம்பரை நாமே நிரந்தரமாகப் போட்டுவிட வேண்டும். ஹபீப் எந்த வீடானாலும் 192.168.1.50 என்றுதான் போடுவார். எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் டைரியைத் தேடாமல் பதில் சொல்லலாம் அல்லவா. அவரிடம் வேலை பார்த்ததால் அமீனுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மாமியார் அன்வரி பேகத்தின் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். மாடியில் குடியிருந்தவரின் பைக்கை யாரோ வாசலிலிருந்து பட்டப்பகலில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹபீப் வழக்கம்போல மனைவியோடு சாப்பாட்டுக்குப் போனபோது வாசலில் புத்தம்புதுக் கேமரா ஒன்று அவரையே பார்த்தது. ஒயரை மடித்து அடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது.

"நீங்க எப்பவும் வேலையா சுத்திக்கினு இருப்பீங்க மாப்ள, அதான் தொந்தரவு பண்ணல" என்றார் மாமியார். "சின்ன மாப்ள கடை வெச்சிக்கீறாரு, ஆளுங்களும் கீறாங்க. ஒரே நாள்ல முடிச்சிட்டாரு."

ஹபீப் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? பதினாறு வருஷமாக அந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் குழாய் கசிந்தாலும் பெரிய மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். கேமரா அவர் சோறு போடுகிற தொழில். அதற்குப் போய் சின்ன மாப்பிள்ளையா? அந்த வீட்டில் தன் இடமே கைநழுவிப் போனதாகத்தான் அவருக்குப் பட்டது.

மாமியார் சொல்லி வாய் மூடவில்லை, அலமாரி மேலிருந்த ரெக்கார்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. மாமியாரின் போனில் தெரிந்த வாசல் படமும் போய்விட்டது. ஹபீபின் காதில் தேன் வந்து பாய்ந்தது.

அவர்கள் கிளம்பிய பிறகு சத்தம் தானாக நின்றுவிட்டதாம். அடுத்த ஞாயிறும் அதே கூத்து, அதற்கடுத்த ஞாயிறும் அதே. வாடிக்கையாளர்கள் வீட்டில் இருக்கிற நாள் என்பதால் அமீன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரூஹியை மட்டும் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். திங்கட்கிழமை வந்து அலசுவான். திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடும்.

"இப்போ வர்ற சரக்கு அப்படித்தான் மாமி. போடறவங்கதான் பாத்துப் போடணும்" என்றார் ஹபீப் நாலாவது ஞாயிறு, எல்லோர் காதிலும் விழும்படி. ரூஹியின் முகம் சுண்டிப்போனது. ஹபீபுக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. பிறகு இன்னொரு கறித்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மாதம் அவர் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் நன்றாகவே செரித்தது.

புதன்கிழமை மாமியாரே போன் பண்ணினார். "நீங்களே ஒரு தடவ வந்து பாத்துடுங்க மாப்ள. உங்கள வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

ஹபீப் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"இன்னாங்க, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் நஸ்ருன்னிசா.

அவர் போய்ச் செருப்பைக் கழற்றிய சூட்டோடு ரெக்கார்டர் கத்தியது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு நாளா வாயத் தொறக்கல. உங்களப் பாத்ததும் கூவுது பாருங்க."

ரெக்கார்டரை டிவியில் மாட்டிப் பார்த்தார் ஹபீப். திரையில் பளிச்சென்று செய்தி வந்தது: இதே நம்பரை இந்த வீட்டில் இன்னொரு பொருளும் வைத்திருக்கிறது, 192.168.1.50. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்தக் குழப்பம்தான் இது.

"பாத்தீங்களா மாமி, ரெண்டு நிமிஷ வேலை. யாரோட போனோ இந்த நம்பர எடுத்துக்கினு கீது. அமீன் இதக்கூட பாக்கல" என்றார். குரலில் வெல்லப்பாகு வழிந்தது.

மாமியாரின் போனில் வைஃபையை அணைத்தார். பீப் நிற்கவில்லை. டிவியில் அணைத்தார். நிற்கவில்லை. மாடிக்கும் இதே வைஃபைதான் என்பதால், படியேறி லாவண்யா என்கிற குடித்தனக்காரப் பெண்ணிடம் சொல்லி அவளுடைய போனையும் லேப்டாப்பையும் அணைக்கச் சொன்னார். இறங்கி வந்தால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. இனி வீட்டில் என்ன பாக்கி என்று யோசித்தபடியே தன் சட்டைப்பையைத் தொட்டார். உள்ளே அவருடைய போன் இருந்தது.

தன் போனில் வைஃபையை அணைத்தார். சத்தம் நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருநாள் அன்று இந்த வீட்டு வைஃபையில் அவருடைய போன் சேரவே மாட்டேன் என்றது. தொழில் தெரிந்தவர் அல்லவா, நம்பரைக் கையாலேயே போட்டுவிட்டார். விரல் தன் பாட்டுக்கு ஐம்பது என்று அடித்தது. அப்போது இந்த வீட்டில் ரெக்கார்டர் கிடையாது. வந்தால் நாம்தானே போடப்போகிறோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர், அதோடு மறந்தும் போனார்.

"நின்னுடுச்சே" என்று உள்ளேயிருந்து வந்தார் மாமியார். "இன்னா மாப்ள பண்ணீங்க?"

"அமீன் நம்பர தப்பாப் போட்டுட்டான் மாமி" என்றார் ஹபீப். நாக்கு கூசவில்லை.

மாமியார் உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சின்ன மாப்பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்தார். ஒரு மாசமா இழுத்தடிச்சீங்க, பெரிய மாப்ள வந்து அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாரு.

"ஆமா மாமி, என் தப்புதான்" என்றான் அமீன். "ஹபீப் பாய்கிட்ட கொஞ்சம் குடுங்க."

ஹபீப் போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தார்.

"பாய், ரெக்கார்டர்ல எதுவும் மாத்தாதீங்க. உங்க போன்ல மட்டும் நம்பர தானா எடுத்துக்கற மாதிரி வெச்சிடுங்க, போதும். திங்கக்கெழம ரெக்கார்டர்லேர்ந்து எடுத்துட்டுப் போன பழைய பதிவெல்லாம் நேத்துதான் கடைல பாத்தேன். பீப் சத்தம் நீங்க வர்ற நேரம் ஆரம்பிச்சு, போற நேரம் நிக்குது. மோதறது அம்பதாம் நம்பர்னதும் உங்க போன்தான்னு புரிஞ்சிச்சு. ஞாயித்துக்கெழம நீங்க வர்றதுக்குள்ள ரெக்கார்டர் நம்பர நானே மாத்திடலாம்னு இருந்தேன். ரூஹிகிட்டகூட சொல்லல."

ஹபீப் "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல மாமி."

"இன்னா சொல்லுவாரு, வாய் ஏது? மொதல்லயே உங்களக் கூப்டிருக்கணும். என் புத்தி எங்க போச்சோ. இதெல்லாம் கழட்டி அவர் கைல குடுத்துடறேன். நீங்க புதுசா போட்டுடுங்க மாப்ள."

இந்த வார்த்தைக்காகத்தான் ஒரு மாதமாக ஹபீப் தவம் கிடந்தார். தலையை ஆட்டினால் போதும், நாளைக் காலையில் ஏணியோடு வந்துவிடலாம். அமீன் வாயைத் திறக்க மாட்டான். அது சத்தியமாகத் தெரிந்ததுதான் ஹபீபுக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம் மாமி" என்றார். "அவன் போட்டதே இருக்கட்டும். வேலைல ஒரு குறையும் இல்ல. என் போன்தான் அந்த நம்பர எடுத்துக்கினு இருந்துச்சு. தப்பு என்னோடது."

அன்வரி பேகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சகலைய வுட்டுக் குடுக்காம, பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிறீங்க பாருங்க. இந்த மனசு சின்ன மாப்ளைக்கு வருமா?"

"நெசமாத்தான் சொல்றேன் மாமி" என்றார் ஹபீப்.

"எனக்குத் தெரியாதா உங்களப் பத்தி?" என்று சொல்லிக்கொண்டே அவர் டீ போட உள்ளே போனார்.

ஹபீப் அலமாரிக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தார். அமீனின் கடையைப் பார்த்து வெந்திருக்கிறார், காரைப் பார்த்து வெந்திருக்கிறார். இன்றைக்கு அவனுடைய மனசைப் பார்த்து வெந்தார். முன்பு வெந்ததெல்லாம் இதன் கால் தூசிக்குக்கூட வரவில்லை.