ரிலீவர் வந்தாச்சு

அப்பா சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டியவர். இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் குளிக்க எழுப்பவே முடியாது. கெஞ்சியும் கத்தியும் பார்த்தேன். ஆத்திரத்தில் வாளியை எட்டி உதைத்ததும் உண்டு. வலித்தது என் கால்தான்.

அவரைப் பார்த்துக்கொள்ள மந்தாரக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வர ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரருக்கும் சுரங்கத்தில்தான் கான்ட்ராக்ட் வேலை. முதல் நாள் அக்கா குளிக்க எழுப்பப் போனதும் அப்பா சிடுசிடுத்தார்.

“ரிலீவர் வராம எப்படிம்மா எறங்கறது?”

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் மெஷினை விட்டு இறங்கக்கூடாது. அது அங்கே எழுதாத சட்டம்.

அக்கா அசரவில்லை. “நான்தாங்க ரிலீவர். மெஷின் எப்படி ஓடுது?”

“பெல்ட்ல சத்தம் வருது, பாத்துக்க.”

“நான் பாத்துக்கிறேங்க. நீங்க எறங்குங்க.”

அப்பா சமர்த்தாகக் கையை நீட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு. நானே போய் விறைப்பாக நின்றேன். “ரிலீவர் வந்துட்டேன்ப்பா.”

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன்னை நம்பி மெஷினக் குடுக்க முடியாது. அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு மொதல்ல வேலையக் கத்துக்க.”

திங்கட்கிழமை அக்கா வந்ததும் பக்கத்தில் போய் நின்றேன், டிரெய்னியாக.