காதுவலியும் ஒரு ராஜினாமா கடிதமும்

பத்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை மாலை. டாக்டர் என் மகள் யாழினியின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எப்போதிருந்து வலி என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். நாலாம் வகுப்பு படிக்கிறவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வலிக்குன்னு சனிக்கிழமையே அம்மாட்ட சொன்னேன். ம்ம்னாங்க."

சொல்லியிருக்கிறேன்தான். அந்த ‘ம்ம்’ நினைவிருக்கிறது. எதற்குச் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை... லேப்டாப்பில் ஏதோ ஒரு மெசேஜுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு வருடமாகக் கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வீட்டிலேயே இருந்தால் பிள்ளையையும் கவனிக்கலாம் என்றுதான் சேர்ந்தேன். நடந்தது என்ன? சாம்பார் கொதிக்கும்போது ஆபீஸ் நினைப்பு. ஆபீஸ் வேலையில் சாம்பார் நினைப்பு. இரண்டுமே அடிப்பிடித்தன.

மறுநாள் யாழினிக்குக் காதுவலியோடு வந்திருந்த காய்ச்சல் இறங்கியதும் ராஜினாமா கடிதம் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ராஜியிடம் சொல்ல வேண்டும். பள்ளித் தோழி, கணவரோடு சேர்ந்து கடலை மிட்டாய் போடுகிறாள். ஆறு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. யாழினியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, கோபத்தோடு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

அங்கே அடுப்பில் வெல்லப்பாகு. ராஜி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, துண்டு போட்டு முடித்த பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பாகு காத்திருக்காது, நீ காத்திருப்பே. அதான். ஏட்டி, கோவமா?"

பிறகு எதிரே உட்கார்ந்தாள் பாருங்கள்... அலமாரியில் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. என்னை ஒருவர் இப்படி முழுசாகக் கவனித்து எத்தனை நாளாயிற்று? காதுவலியைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவே என் போன் ‘டிங்’ என்றது — எடுத்துப் பார்த்தேன்!

ராஜி திட்டவில்லை. என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"வேலைய விடுததுக்கு முந்தி ஒண்ணு கேக்கேன். காலையில பத்துலருந்து ஒண்ணு வரைக்கும் மொழிபெயர்ப்பு மட்டுந்தான், மெசேஜ் பாக்க மாட்டேன், ஆறு மணிக்கு மேல கிடையாதுன்னு ஆபீஸ்ல அவியகிட்ட சொல்லிப் பாத்தியா?"

சொன்னதில்லை. நாலு வருடத்தில் ஒரு தடவைகூட.

புதன்கிழமை காலை மேனேஜரை அழைத்தேன். காரணங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் காரணம் முடிவதற்குள் அவர் தாராளமாகச் செய்யுங்கள் என்றுவிட்டார். அவசரம் என்றால் போனில் கூப்பிடுவாராம். கடைசியாக ஒன்று சொன்னார்.

"நீங்க உடனே உடனே பதில் போட்டீங்க மேடம். உங்களுக்கு அதுதான் வசதின்னு நினைச்சோம்."

நாலு வருடப் பயம் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. நம்மைத் துரத்துகிற அவசரத்தில் பாதி, யாருமே கேட்காமல் நாமாகக் கொடுப்பதுதானோ?

யாழினியின் காது சரியாகிவிட்டது. இப்போது ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். நோட்டைப் பார்க்கிறேன். கணக்கைப் பார்க்கிறேன். மிச்சம் வைத்த டிபன் டப்பாவையும் திறந்து பார்க்கிறேன்.

நேற்று மிகுந்த கவலையோடு கேட்டாள்: "அம்மா, உனக்கு ஆபீஸ்ல வேலையே கிடையாதா?"